கோரிமேடு பக்கம் நடக்கிற ஸ்பீட் ஸ்கேட்டிங் கிளாஸ்: பிள்ளைங்கள சேர்க்க யோசிக்கிறவங்களுக்கு

சேலத்துல ஸ்கேட்டிங் கிளாஸ்னு விசாரிச்சா எந்த ஏரியாவுலயும் ஒண்ணு இருக்கும். ஸ்கூல் கிரவுண்ட்ல, அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்ல, மண்டபத்துக்குப் பின்னாடி சிமெண்ட் தளத்துலன்னு நடத்துறாங்க, முக்கால்வாசி சம்மர் கேம்ப் கணக்குதான், ரெண்டு மாசம் உருண்டு விளையாடிட்டு கடைசி நாள் ஒரு சர்டிபிகேட், ஒரு மெடல், போட்டோ, அவ்வளவுதான். அது தப்புன்னு சொல்ல வரல, லீவுல பிள்ளைங்க போன் பாக்காம இருந்தாலே போதும்னு நெனைக்கிறவங்களுக்கு அது சரிதான். ஆனா ஸ்பீட் ஸ்கேட்டிங்க ஒரு ஸ்போர்ட்டா, வருஷக்கணக்குல செய்யப்போற ஒரு விஷயமா சொல்லித்தர்ற இடம் வேணும்னா, கோரிமேடு தாண்டி ஏற்காடு ரோட்டுப் பக்கம் ஒரு மாஸ்டர் நடத்துற கிளாஸ் இருக்கு, அதப்பத்திதான் எழுதுறேன். என் பொண்ணு அங்கதான் போறா. அவரு போர்டு எல்லாம் வைக்கல, விளம்பரம் வேண்டாம்னு சொல்றவரு, அதனால பேரு போடல. அந்தப் பக்கம் போய் ஸ்கேட்டிங் மாஸ்டர்னு கேட்டா டீக்கடையிலயே வழி சொல்லிடுவாங்க.

காலைல 5.30-க்கு ஆரம்பம். சேவராயன் மலை நேரா எதிர்ல தெரியும், மார்கழியில மலைய மூடின பனி அப்படியே கீழ வரைக்கும் எறங்கி இருக்கும், அந்த நேரத்துல பசங்க சுத்துறத பாக்க நல்லாருக்கும். ஏன் இவ்வளவு சீக்கிரம்னு சேரும்போது எல்லா அம்மாவும் கேக்குற கேள்விதான், நானும் கேட்டேன். வீல் எல்லாம் யூரித்தேன்ல செஞ்சது, சூடாக ஆக அது இளகும், நம்ம ஊரு ஏப்ரல் மே வெயில்ல தரை கொதிக்கும்போது வீல் தரையோட ஒட்டி இழுக்கும், வேகமும் வராது வீலும் சீக்கிரம் தேஞ்சு போகும், பிள்ளைங்க விழுந்தாலும் தோல் பொரிஞ்சிடும், அதனால 7.30-க்கு மேல ஒரு நிமிஷம்கூட தளத்துல யாரும் இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. இப்படி காரணத்தோட பேசுற ஆளுன்னு அன்னைக்கே ஒரு நம்பிக்கை வந்துச்சு.

முதல் மாசம் வேகம்ங்கற பேச்சே கிடையாது, இத முன்னாடியே சொல்லிடுறேன், ஏன்னா நெறைய பேரு இங்கதான் பொறுமை இல்லாம நிறுத்திடுறாங்க. ஸ்கேட் கால்ல மாட்டுறதே ரெண்டாவது வாரம்தான். அதுக்கு முன்னாடி வெறும் ஷூவோட முட்டிய மடக்கி நாற்காலியில உக்காந்த மாதிரி குனிஞ்சு நடக்கணும், அப்படியே பக்கவாட்டுல தாண்டணும், எப்படி விழணும்னு பழகணும். என் பொண்ணு முதல் வாரம் தொடை வலிக்குதுன்னு படி ஏற மாட்டேன்னா. அப்புறம் வளைவு. ஸ்பீட் ஸ்கேட்டிங்ல எல்லாமே இடது பக்கம் திரும்புறதுதான், வலது கால் இடது காலத் தாண்டி குறுக்க வரணும், உடம்பு முழுக்க உள்பக்கம் சாயணும், சாயுறதுக்கு பயம் போகணும். அதுக்கு அவரு ஒரு பழைய பெட்ஷீட்ட நல்லா முறுக்கி பிள்ளையோட இடுப்புல சுத்தி ரெண்டு முனையையும் தன் கையில புடிச்சுக்கிட்டு வலது பக்கமா நின்னுக்குவாரு. "சாயு பாப்பா, நான் புடிச்சிருக்கேன், இன்னும் சாயு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, பிள்ளை தரைக்கு அவ்வளவு கிட்ட சாஞ்சு ஒவ்வொரு காலா குறுக்க எடுத்து வைக்கும், அவரு பின்னாலயே நகருவாரு. வெளிநாட்டுல இதுக்குன்னே பெல்ட் விக்கிறாங்களாம், இவரு பெட்ஷீட்லயே முடிச்சிடுறாரு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா இத செய்யறாருங்க. முப்பது பிள்ளைய ஒண்ணா வட்டம் சுத்த விட்டுட்டு போன் பேசுற கிளாஸையும் பாத்திருக்கேன், அதனால இத குறிப்பா சொல்றேன்.

சாமான் விஷயத்துலயும் நேர்மை. அவரு எதையும் விக்கிறதில்ல, இந்தக் கடையிலதான் வாங்கணும்னும் சொல்றதில்ல. ஆரம்பத்துல நாலு சக்கரம் ரெண்டு ரெண்டா இருக்குற குவாட் ஸ்கேட்ட வாடகைக்கு தர்றாரு, அது பழகி ஆர்வம் நிக்குதான்னு பாத்துட்டுதான் சக்கரமெல்லாம் ஒரே வரிசையில இருக்குற இன்லைன் வாங்கச் சொல்றாரு. வாங்கப் போறதுக்கு முன்னாடி பிள்ளையோட காலை பேப்பர்ல வச்சு பென்சில்ல கோடு போட்டு அளவெடுத்துக் குடுத்தாரு. "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெருசா வாங்கிடலாமா மாஸ்டர்"னு ஒரு அப்பா கேட்டதுக்கு, பூட்டுக்குள்ள கால் ஆடினா கணுக்கால் உள்பக்கம் மடங்கி நிக்கும், அந்தப் பழக்கத்த மாத்த ரெண்டு வருஷம் ஆகும், அதுக்கு பழசு நல்லதா ஒண்ணு தேடி வாங்குங்கன்னு சொன்னாரு. ஸ்பீட் இன்லைன் புதுசுன்னா சுமாரானதே 10,000 ரூபாய்க்கு மேல போகுது, ரேஸ் லெவல் எல்லாம் லட்சத்த தொடும், இந்த நிலமையில பழசு வாங்குங்கன்னு சொல்ற மாஸ்டர் கிடைக்கிறது பெரிய விஷயம். மாசம் ஒரு தடவ பிள்ளைங்களையே உக்கார வச்சு வீல கழட்டி உள்பக்கம் தேஞ்சத வெளிப்பக்கம் வர்ற மாதிரி திருப்பி மாட்ட வைக்கிறாரு, பேரிங்க பெட்ரோல்ல அலசி துணியில தொடச்சு ஒரு சொட்டு ஆயில் விட்டு சுத்தி பாக்க வைக்கிறாரு. பெட்ரோல மட்டும் பெரியவங்கதான் தொடணும்.

இப்ப நான் இத எழுத முக்கியக் காரணமான ஞாயித்துக்கிழமை கிளாஸுக்கு வர்றேன். ஞாயிறு பிராக்டிஸ் முடிஞ்சதும் பசங்கள வேப்பமரத்தடியில உக்கார வச்சு அரை மணி நேரம் ஒரு ஸ்கேட்டர பத்தி பேசுவாரு. நான் எதிர்பாத்தது ஜெயிச்சவங்க கதை. அவரு முதல்ல எடுத்தது மங்கோலியாக்காரர் ஒருத்தர், பட்சுலூனி பட்-ஓர்கில்னு பேரு. எனக்கு மட்டுமில்ல, அங்க இருந்த எந்தப் பெத்தவங்களுக்கும் அந்தப் பேரு தெரியாது. 1994 நார்வே லில்லிஹாமர் குளிர்கால ஒலிம்பிக்ஸ்க்கு மங்கோலியா நாட்டுல இருந்து போன ஒரே ஒரு வீரர் அவருதான். ஐஸ் மேல ஓடுற ஷார்ட் ட்ராக் ஸ்பீட் ஸ்கேட்டிங்.

"மங்கோலியா பூரா ஐஸ்தானே மாஸ்டர், அவங்களுக்கு ஈஸிதானே"ன்னு ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி, எனக்கும் மனசுல அதுதான் ஓடுச்சு. அதுக்கு அவரு சொன்ன பதில்தான் என்ன புடிச்சு உக்கார வச்சுது. உலான்பாத்தர்தான் உலகத்துலயே ரொம்பக் குளிரான தலைநகரம், ஜனவரி மாச சராசரியே மைனஸ் 20 டிகிரிய ஒட்டி இருக்கும், ஆறெல்லாம் கல்லா உறைஞ்சிடும், ஹுவ்ஸ்குல் ஏரி மேல வண்டியே ஓட்டுவாங்க. ஆனா ஸ்கேட்டிங்குக்கு ஐஸ் மைனஸ் 7 பக்கம் இருந்தாதான் நல்லா வழுக்கும், அதுக்கும் ரொம்பக் கீழ போனா ஐஸ் கெட்டிப்பட்டு பிளேட அப்படியே புடிக்கும், சறுக்காது. ஆத்து ஐஸ்ல விரிசல், மேடு பள்ளம், மேல தூசி, எதிர்ல காத்து. குளிர்ல மூச்சு இழுத்தா நெஞ்சு எரியும். வசந்தம் வந்தா அதுவும் உருகிப் போயிடும். வருஷம் பூரா ஒரே மாதிரி வழவழன்னு ஐஸ் வேணும்னா உள்ளரங்கம் வேணும், கூலிங் மெஷின் வேணும், அதுக்குக் காசு வேணும். உலான்பாத்தர்ல ஸ்டெப் அரீனான்னு முதல் உள்ளரங்க ஐஸ் ரிங்க் வந்ததே 2021-லதான். அதாவது பட்-ஓர்கில் ஒலிம்பிக்ஸ் போயி 27 வருஷம் கழிச்சு.

ஷார்ட் ட்ராக்னா என்னன்னு அதுக்கப்புறம் தரையிலயே வரைஞ்சு காட்டுனாரு. ஐஸ் ஹாக்கி ரிங்க் அளவு இடத்துல, 60 மீட்டர் நீளம் 30 மீட்டர் அகலத்துக்குள்ள, ஒரு சுத்து 111.12 மீட்டர். சுண்ணாம்புப் பொடியில அந்த நீள்வட்டத்த அளந்து போட்டு, வளைவுக்கு ஏழு ஏழு கோன் வச்சு, இன்லைன்ல இருக்குற பெரிய பசங்கள அதுக்குள்ள ஓட விட்டாரு. ஒருத்தனாலயும் வேகத்தோட வளைய முடியல, நேரா ஓடி நிமிர்றதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடுது. 500 மீட்டர்னா நாலரை சுத்து, 1000 மீட்டர்னா 9 சுத்து, அதுவும் தனியா கடிகாரத்த எதிர்த்து ஓடுறது கிடையாது, ஒரே கோட்டுல நாலஞ்சு பேரு சேந்து ஓடி ஒருத்தர ஒருத்தர் தாண்டணும். வளைவுல இடது கை விரல் ஐஸத் தொடுற அளவுக்கு சாயுவாங்க, அதுக்காக கிளவுஸ் விரல் நுனியில கெட்டியா ஒரு மூடி ஒட்டியிருக்கும். பிளேடு அகலமே 1 மில்லிமீட்டர் சொச்சம், அதையும் பூட்டுக்கு நடுவுல பொருத்தாம இடது பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பாங்க, இல்லன்னா அந்தச் சாய்வுல பூட் ஐஸ்ல உரசி ஆள் பறந்துடுவாரு. இதெல்லாம் வெட்டவெளி ஆத்து ஐஸ்ல எப்படிப் பழகுறது, நீங்களே சொல்லுங்க. இப்படி ஒரு நாட்டுல இருந்துதான் ஒருத்தர் அந்தப் போட்டிக்குப் போயிருக்காரு.

காலத்தையும் சேத்து பாக்கணும். மங்கோலியா குளிர்கால ஒலிம்பிக்ஸ்க்கு முதல்ல போனது 1964, ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக், அந்த முதல் டீம்லயே ஸ்பீட் ஸ்கேட்டர்ஸ் இருந்தாங்க. அப்ப பின்னாடி சோவியத் இருந்துச்சு. 1990-ல அங்க ஆட்சி முறை மாறிச்சு, சோவியத் உதவி நின்னு போச்சு, கடையில சாமான் இல்லாம ரேஷன்ல சாப்பிட்ட வருஷங்கள் அது. ஸ்போர்ட்ஸ்க்கு எங்க இருந்து காசு வரும். அதுக்கு நாலு வருஷம் கழிச்சு ஒத்த ஆளா ஒருத்தர் நார்வேக்குப் போயி நிக்கிறாரு, எதிர்ல கொரியாக்காரங்க, அந்த வருஷம் ஷார்ட் ட்ராக்ல இருந்த ஆறு தங்கத்துல நாலு அவங்களுக்குத்தான் போச்சு. மங்கோலியாவுல புகழ் வேணும்னா மல்யுத்தம், குதிரை, வில்வித்தை இந்த மூணுதான், நாதம் திருவிழாவே அதுக்குத்தான். 1968 மெக்சிகோவுல மங்கோலியா வாங்குன முதல் ஒலிம்பிக் மெடல் எல்லாமே மல்யுத்தத்துல, முதல் தங்கம் 2008 பெய்ஜிங்ல ஜூடோவுல துவ்ஷின்பயார் வாங்குனது. ஸ்கேட்டிங் பக்கம் கவனிக்க யாருமில்ல.

என் பொண்ணு கைய தூக்கி, "அவரு ஜெயிச்சாரா மாஸ்டர்?"னு கேட்டா.

"இல்ல பாப்பா. மெடல் இல்ல. 2022 வரைக்கும் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல அந்த நாட்டுக்கே ஒரு மெடல்கூட இல்ல. ஆனா இவரு நாலு வருஷம் கழிச்சு 1998-ல ஜப்பான் நகானோவுக்குத் திரும்பவும் போனாரு."

அந்த "திரும்பவும் போனாரு"தாங்க இந்த கிளாஸோட அடிப்படையே. முதல் தடவை போறதுக்கு ஆசை போதும், உலகம் எவ்வளவு வேகமா ஓடுதுன்னு நேர்ல பாத்து தோத்துட்டு வந்தப்புறம் இன்னும் நாலு குளிர்காலம் அதே மாதிரி பயிற்சி எடுத்து திரும்பவும் அதே கோட்டுல போயி நிக்கிறதுக்கு வேற ஒண்ணு வேணும். மாஸ்டர் இத பெருசா விளக்கல, பசங்களும் அத சும்மா கேட்டுக்கிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் மாவட்ட ரேஸ்ல என் பொண்ணு ஃபைனலுக்கு வரல, வண்டியில வரும்போது அழுதா, மறுநாள் காலைல அலாரம் அடிச்சதும் அவளே எழுந்து சாக்ஸ் தேடினா. கதை கேட்டதாலதான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா தோத்தா ஸ்போர்ட் முடிஞ்சுபோச்சுன்னு அவளுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல, அது எனக்குப் போதும்.

ஜெயிச்சவங்க கதையும் சொல்றாரு, சொல்லாம இல்ல. எரின் ஜாக்சன்னு அமெரிக்காக்காரங்க, நம்ம ஊரு மாதிரி வெயில் அடிக்கிற ஃபுளோரிடாவுல இன்லைன் ஓட்டி வளந்தவங்க, ஐஸுக்கு வந்து சில மாசத்துலயே 2018 ஒலிம்பிக்ஸ் போயி 500 மீட்டர்ல 24-வது வந்தாங்க, 2022 பெய்ஜிங்ல அதே 500 மீட்டர்ல தங்கம். அந்த வருஷம் அவங்க நாட்டு தேர்வுப் போட்டியில தடுமாறி மூணாவது வந்து வாய்ப்பே போயிடுச்சு, பிரிட்டனி போவ்னு கூட ஓடுற தோழிதான் தன் இடத்த விட்டுக்குடுத்தாங்க. இத கேட்டு பெரிய பொண்ணுங்க எல்லாம் அப்படியே உக்காந்துட்டாங்க. பெல்ஜியம் பார்ட் ஸ்விங்ஸும் அப்படித்தான், இன்லைன்ல உலக சாம்பியன், ஐஸ்லயும் 2022 ஒலிம்பிக்ஸ்ல எல்லாரும் ஒண்ணா கிளம்பி ஓடுற மாஸ் ஸ்டார்ட் ரேஸ்ல தங்கம். தரையில பழகுனது ஐஸுக்கும் ஆகும்னு பசங்களுக்குப் புரியணும்ல.

நம்ம ஆளு ஆனந்த்குமார் வேல்குமார விடுவாரா. சென்னைப் பையன், 2021-ல ஜூனியர் உலகப் போட்டியில வெள்ளி, 2023-ல ஹாங்சோவுல நடந்த ஆசிய விளையாட்டுல ரிலே வெண்கலம், 2025 செப்டம்பர்ல சீனாவுல பெய்தாய்ஹேல உலக சாம்பியன்ஷிப் 1000 மீட்டர்ல தங்கம், 500 மீட்டர்ல வெண்கலம், அதோட 42 கிலோமீட்டர் மாரத்தான்லயும் தங்கம். அதே ஆசிய விளையாட்டுல பொண்ணுங்க ரிலே டீமும் வெண்கலம் வாங்குச்சு, அதுல ஆரத்தி கஸ்தூரிராஜும் நம்ம தமிழ்நாடுதான். அந்த உலக சாம்பியன் செய்தி வந்த வாரம் கிளாஸுக்கு புது அட்மிஷன் வரிசையா வந்துச்சு, எல்லாரும் ஆனந்த்குமார் மாதிரி ஆக்கிடுங்க மாஸ்டர்னு வந்தாங்க. அவங்களுக்கும் இவரு அந்த ஞாயித்துக்கிழமை மறுபடி பட்-ஓர்கில் கதையத்தான் சொன்னாரு. எனக்கு அந்த முடிவு ரொம்ப புடிச்சுது. உலக சாம்பியன் கதைய கேட்டு சேர்ற பிள்ளைக்கு, முதல் ரேஸ்ல பதினஞ்சாவது வந்தா என்ன பண்றதுன்னு அந்தக் கதையில பதில் இருக்காது.

குறையையும் சொல்லணும். தளம் பழசு, வடக்குப் பக்க வளைவுல ஒரு விரிசல் இருக்கு, சிமெண்ட் பூசியிருக்காங்க ஆனா மழை வந்தா மறுபடி பெயருது, அந்த இடத்துல வீல் தட்டி ரெண்டு மூணு பிள்ளைங்க விழுந்திருக்காங்க, பெரிய அடி இல்ல. மழை பெஞ்ச மறுநாள் கிளாஸ் கிடையாது, ஈரத்துல விடமாட்டாரு, ஐப்பசி கார்த்திகையில பாதி மாசம் அப்படியே போகும், அதுக்கு ஃபீஸ் குறைக்கிறதில்ல, ஆனா லீவுல எக்ஸ்ட்ரா கிளாஸ் வச்சு ஈடு கட்டிடுறாரு. பொண்ணுங்க டிரெஸ் மாத்த தனி ரூம் இல்ல, இத பல அம்மாங்க சேந்து கேட்டிருக்கோம், தற்காலிகமா ஒரு தடுப்பு கட்டித் தந்திருக்காரு, அது பத்தாது. சாயங்கால பேட்ச் கூட்டம் ஜாஸ்தி, பெட்ஷீட் பயிற்சி எல்லாம் காலை பேட்ச்ல கிடைக்கிற மாதிரி சாயங்காலம் கிடைக்காது, அதனால எழுப்ப முடிஞ்சா காலைலயே சேருங்க. சாய்வு வச்ச 200 மீட்டர் ட்ராக் நம்ம பக்கத்துல இல்லாததால பெரிய போட்டிக்கு முன்னாடி வெளியூர் கூட்டிட்டுப் போறாரு, அந்த செலவு தனி, ரெண்டு மாசம் முன்னாடியே எவ்வளவு ஆகும்னு எழுதிக் குடுத்துடுவாரு.

மாச ஃபீஸ் 2,000 ரூபாய்க்குள்ளதான், வாடகை ஸ்கேட்டும் சேத்து. அண்ணன் தம்பி ரெண்டு பேரு வந்தா ரெண்டாவது பிள்ளைக்குக் கொறைப்பாரு. ஹெல்மெட் இல்லாம தளத்துல கால் வைக்க விடமாட்டாரு, யாரு பிள்ளையா இருந்தாலும் சரி. ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி எப்பவும் நிறைஞ்சு இருக்கும், நான் தெறந்து பாத்திருக்கேன்.

மூணு மாசத்துல சர்டிபிகேட் வேணும், ஸ்டேட் லெவல்னு பயோடேட்டாவுல போடணும்னு நெனைக்கிறவங்களுக்கு இந்த இடம் சரிப்படாது, அவரே வேற கிளாஸ் பாருங்கன்னு சொல்லி அனுப்பிடுவாரு, நான் பக்கத்துல நிக்கும்போதே சொல்லியிருக்காரு. ஆறு வயசுக்கு மேல எந்தப் பிள்ளையும் சேரலாம், கொஞ்சம் குண்டா இருக்குற பிள்ளை, பயந்த பிள்ளை எல்லாம் தயங்காம கூட்டிட்டுப் போங்க, அவங்ககிட்டதான் அவரு பொறுமை இன்னும் ஜாஸ்தியா இருக்கும். முதல் வாரம் டிரையலுக்கு காசு வாங்குறதில்ல. ஞாயிறு போனா கிளாஸையும் பாக்கலாம், மரத்தடி பேச்சையும் கேக்கலாம், பெத்தவங்களையும் உக்காரச் சொல்லுவாரு. முழுக்கால் பேண்ட், கணுக்காலுக்கு மேல வர்ற டைட்டான சாக்ஸ், ஒரு தண்ணி பாட்டில் குடுத்து அனுப்புங்க, வரும்போது தட்டுவடை செட் கேப்பாங்க, வாங்கிக் குடுத்துடுங்க, அந்தப் பசிக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் தாங்காது.